களனிக் கரையில் கூடாரம் போட்டுக் கொடுப்பவர்களுக்கு: தண்ணீர் ஏறுவதைத் தமிழிலும் சொல்லுங்கள்

கித்துல்கல முதல் யட்டியாந்தோட்டை வரை, களனி கங்கைக் கரையில் குடும்பங்களுக்கென்று கூடார முகாம் நடத்தும் உரிமையாளர்களுக்கும் அங்கே வேலை செய்யும் தம்பிமாருக்கும்,

வணக்கம். நான் கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு தாய். கடந்த ஏப்ரல் விடுமுறையில் உங்களில் ஒருவருடைய இடத்தில் குடும்பத்தோடு இரண்டு இரவு தங்கினோம். எந்த இடம் என்று இங்கே எழுதப் போவதில்லை. அவர்களைக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. திரும்பி வந்தபின் எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று குடும்பங்களிடம் பேசியபோது, வேறு வேறு இடங்களில் தங்கிய அவர்களும் இதையேதான் சொன்னார்கள். அதனால் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்து வாசியுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இரண்டு அறை. பிள்ளைகளுக்கு ஓடி விளையாட வாசல் கிடையாது. கடல் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் ரயில் பாதையைத் தாண்டிப் போக வேண்டும்; அலையில் கால் நனைக்கவிடவும் எனக்குப் பயம். அப்படி வளர்கிற பிள்ளைகளை வெள்ளிக்கிழமை காலை வேனில் ஏற்றி, அவிசாவளை தாண்டி, ஹட்டன் வீதி வழியாக மூன்று மணி நேரத்துக்கும் மேலாகப் பயணம் செய்து உங்கள் கரையில் இறக்கிவிட்டோம். எதிர்க்கரையில் காடு, நடுவில் ஆறு, காலடியில் வழுவழுப்பான கூழாங்கற்கள். என் மகளுக்கு ஆறு வயது. மின்மினிப் பூச்சியை முதன்முதலாக அன்று இரவுதான் பார்த்தாள். "அம்மா, இதுக்கு யார் பற்றரி போட்டது?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகவே நான் உங்களுக்கு நன்றி சொல்வேன்.

எங்களோடு என் அம்மாவும் வந்திருந்தார். வயது எழுபத்தொன்று. நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். அவர் சிறுமியாக இருந்தபோது துணி துவைத்தது கெசல்கமுவ ஓயாவில். சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகளில் இருந்து வரும் கெசல்கமுவ ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்துதான் உங்கள் கரைக்கு வரும்போது களனி கங்கை ஆகின்றன. ஆக, அம்மாவுக்கு அது புதிய ஆறில்லை. வேனில் இருந்து இறங்கியதுமே, "எங்க ஊரு தண்ணிதான் இது" என்றார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்த நாள் எங்களைக் காப்பாற்றியது அந்த அறிவுதான்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்றரை மணி இருக்கும். வானம் வெளுத்திருந்தது, எங்கள் தலைக்கு மேல் ஒரு துளி மழை இல்லை. கரையில் இருந்து நாலைந்து எட்டு தள்ளி, ஆற்றுக்குள் ஒரு தட்டைப் பாறை. இடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். என் மகள், பதினொரு வயது மகன், மட்டக்களப்பில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மச்சாளின் மகள் (அவளுக்கு ஒன்பது) மூன்று பேரும் அந்தப் பாறையில் உட்கார்ந்து கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நானும் என் கணவரும் கரையில். அம்மா மேலே ஒரு பிளாஸ்டிக் கதிரையில்.

அம்மா சட்டென்று எழும்பி நின்றார். "தண்ணி சத்தம் மாறிருச்சு புள்ள. சின்னதுகள மேல கூப்பிடு" என்றார். எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. ஆறு எப்போதும் போலச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஆனால் கீழே பார்த்தபோது, கொஞ்சம் முன்பு வரை கல் தெரிந்த தண்ணீர் பால் குறைந்த தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. காய்ந்த இலை, குச்சி, நுரை எல்லாம் மிதந்து வரத் தொடங்கியிருந்தன.

அதே நேரம் மேலே சமையல் கொட்டிலில் இருந்து முகாமில் வேலை செய்யும் ஒரு தம்பி ஓடி வந்து கத்தினார்: "வத்துர எனவா! உடட்ட என்ன! என்ன! என்ன!"

சிங்களத்தில் 'என்ன' என்றால் வாருங்கள் என்று அர்த்தம். தமிழில் என்னவென்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அது ஒரு கேள்வி. மட்டக்களப்புப் பிள்ளைக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. அவள் பாறையில் எழும்பி நின்று அந்தத் தம்பியைப் பார்த்து, "என்ன அண்ணா? என்ன?" என்று திருப்பிக் கேட்டாள். அவர் 'என்ன' என்று கூப்பிடக் கூப்பிட, அவளும் 'என்ன' என்று கேட்டுக்கொண்டே நின்றாள்.

என் கணவர் இறங்கிப் போனார். கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் அதற்குள் அவருடைய முழங்காலுக்கு வந்துவிட்டது. மகளைத் தோளில் போட்டு, மருமகளைக் கையில் பிடித்து இழுத்து வந்தார். மகன் தானாகவே தாவி வந்தான். நாங்கள் மேலே ஏறிக் கால்மணி நேரத்தில் அந்தப் பாறை இருந்த இடமே தெரியவில்லை.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு சோடிச் செருப்பும் பிள்ளைகள் அடுக்கிய கல்லும்தான் போயின. ஆனால் அன்று இரவு நான் தூங்கவே இல்லை.

அடுத்த நாள் காலை அந்தத் தம்பியிடம் பேசினேன். நல்ல பிள்ளை. எங்களைவிட அவர்தான் அதிகம் பயந்து போயிருந்தார். "மேலே தண்ணி விட்டிருப்பாங்க அக்கா, இல்லாட்டி மலையில மழை. இது அடிக்கடி வரும்" என்ற கருத்தில் சிங்களத்தில் சொன்னார். அடிக்கடி வரும் என்ற அந்தச் சொல்தான் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. முகாமில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், வீதியில் கடை வைத்திருப்பவருக்கும் தெரிந்த விஷயம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த எங்களுக்கு மட்டும் தெரியாது. முன்பதிவு செய்யும்போது சொல்லவில்லை. வந்து இறங்கியபோதும் சொல்லவில்லை. கரைக்கு இறங்கும் படியருகே ஒரு பலகை இருந்தது. அதில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்கள், தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் இருந்ததுகூட 'சொந்தப் பொறுப்பில் குளிக்கவும்' என்ற அளவில்தான். ஏன் ஆபத்து, எப்போது ஆபத்து, என்ன அடையாளம் என்று ஒன்றும் இல்லை.

களனியின் மேல்பகுதியில் காசல்ரீ, மவுசாக்கலை என்று இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள். அவற்றுக்குக் கீழே நோர்ட்டன், கெனியன், லக்சபான என்று சிறிய தேக்கங்கள். விமலசுரேந்திர, பழைய லக்சபான, கெனியன், புதிய லக்சபான, பொல்பிட்டிய என்று வரிசையாக நீர்மின் நிலையங்கள். கடைசியாகக் கித்துல்கலைக்குப் பக்கத்திலேயே புரோட்லண்ட்ஸ். மின் நிலையம் ஓடினால் கீழே தண்ணீர் கூடும், நிறுத்தினால் குறையும். நாட்டில் மின்சாரம் அதிகம் தேவைப்படும் நேரம் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை என்று மின் பட்டியல் கணக்கிலேயே இருக்கிறது. வெள்ளவத்தையில் நான் விளக்கைப் போட்டு, சோற்றுக் குக்கரைப் போட்டு, மின்விசிறியைச் சுழலவிடும் நேரத்துக்கும் உங்கள் கரையில் தண்ணீர் ஏறுவதற்கும் தொடர்பு இருக்கிறது. இதை நான் நாற்பது வயதில்தான் புரிந்துகொண்டேன்.

மழைக்காலத்தில் கதை வேறு. சிறிய தேக்கங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், வான்கதவு திறக்க வேண்டி வரும். நோர்ட்டனிலோ கெனியனிலோ வான்கதவு திறந்தது, கீழே ஆற்றோரம் இருப்பவர்கள் கவனமாக இருக்கவும் என்று வானொலிச் செய்தியில் ஒவ்வொரு வருடமும் கேட்கிறோம். கேட்டுவிட்டு, அது வேறு யாருக்கோ சொல்லப்படுகிறது என்று இருந்துவிடுகிறோம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலையில் பின்னேர இடிமழை. கித்துல்கலையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே நோர்வூட்டில் கொட்டிக்கொண்டிருக்கலாம். அம்மா சொல்வார், "ஆத்துல எறங்குறவ வானத்தப் பாக்கக் கூடாது, மலையத்தான் பாக்கணும்" என்று. லயத்துப் பெண்களுக்கு அது பாடம். நிறம், சத்தம், மிதந்து வரும் இலை, இந்த மூன்றையும் அவர்கள் துவைத்துக்கொண்டே கவனிப்பார்களாம். மவுசாக்கலை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. வறட்சியில் தண்ணீர் இறங்கும்போது பழைய கோயில் வெளியே தெரியும். அதைப் பார்க்கத் தகப்பனோடு போன கதையை அம்மா அன்று இரவு பிள்ளைகளுக்குச் சொன்னார். ஆற்றைப் பற்றி அவ்வளவு தெரிந்தவர்கள் ஆற்றின் தலைமாட்டிலேயே இருக்கிறார்கள். அவர்கள் பேசும் மொழி தமிழ். அதே ஆற்றின் எச்சரிக்கைப் பலகையில் தமிழ் இல்லை என்பது எனக்கு வலிக்கிறது.

சட்டத்தைக் காட்டி நான் உங்களை மிரட்டவில்லை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது உண்மை, ஆனால் அது அரச அலுவலகங்களுக்கான பேச்சு. நீங்கள் உழைத்து முதல் போட்டு நடத்துகிறவர்கள். நான் கேட்பது வேறு. உங்களிடம் வருகிறவர்கள் யார் என்று பாருங்கள். எங்களுக்குப் பக்கத்துக் கூடாரத்தில் தெமட்டகொடையில் இருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம். அதற்கு அடுத்ததில் கொட்டாஞ்சேனையில் இருந்து வந்தவர்கள். அந்த வார இறுதியில் ஆறு கூடாரத்தில் மூன்று தமிழ் பேசும் வீடு. பெரியவர்கள் நாங்கள் சிங்களத்தில் சமாளித்துக்கொள்வோம். பிள்ளைகளும், ஊரில் இருந்து வந்த பாட்டிமாரும் சமாளிக்க முடியாது. தண்ணீர் ஏறும்போது சமாளிக்க நேரமும் கிடையாது.

சரி, என்ன செய்யலாம்? பெரிய செலவு ஒன்றும் இல்லை. விசிலுக்கு மொழி கிடையாது. கரைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒருவர் விசிலோடு இருக்கட்டும். மூன்று தடவை ஊதினால் எல்லோரும் மேலே வர வேண்டும் என்று வந்து இறங்கியதுமே பிள்ளைகளை நிற்க வைத்து ஒரு தடவை பழக்கிக் காட்டட்டும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருக்கும், ஆனால் மறக்க மாட்டார்கள். உங்களுக்கு மேலே இருக்கும் முகாம்களோடு ஒரு தொலைபேசிச் சங்கிலி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் முதலில் அவர்களைத்தான் தாண்டி வருகிறது. நீர்ப்பாசனத் திணைக்களம் கித்துல்கலையிலேயே நீர்மட்டம் அளக்கிறது. அதற்குக் கீழே கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல, கடைசியில் கொழும்பில் நாகலகம் வீதி. அந்தக் கணக்கைக் காலையிலும் பின்னேரமும் பார்த்து ஒரு கரும்பலகையில் எழுதி வைக்கலாம். ஆற்றுக்குள் ஒரு கம்பத்தை நட்டு சிவப்புக் கோடு போட்டு வைத்தால் என் ஆறு வயது மகளுக்கும் புரியும்.

மண்சரிவையும் மறக்க வேண்டாம். உங்கள் இடங்கள் பெரும்பாலும் கேகாலை மாவட்டத்தில், மலையடிவாரத்தில். அரநாயக்கவில் 2016 மே மாதம் மலை சரிந்து ஊர்களையே மூடியதும், அதே நாட்களில் களனி பெருகி கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நீரில் கிடந்ததும் நாம் எல்லோரும் பார்த்தவை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்கு எச்சரிக்கை விட்டிருந்தால், முன்பணம் வாங்கியிருந்தாலும் கூப்பிட்டு வர வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்பவரிடம்தான் நான் அடுத்த வருடமும் வருவேன். தெரிந்தவர்களையும் அனுப்புவேன்.

இனி வேறு சில விஷயங்கள். 'குடும்பத்துக்கு ஏற்றது' என்று உங்கள் பலகையில் இருப்பதால் சொல்கிறேன்.

மலசலகூடம் கூடாரத்தில் இருந்து நாற்பது படி மேலே இருந்தது. படியில் பாசி, கைப்பிடி இல்லை, விளக்கு இல்லை. அம்மா அந்த இரண்டு நாளும் மாலை ஐந்து மணிக்குப் பிறகு தண்ணீர் குடிக்கவே இல்லை. ஏன் என்று கேட்டபோது, "ராத்திரில ஏறி எறங்க ஏலாது" என்றார். ஆற்றங்கரையில் இருந்துகொண்டு ஒரு மனுஷி தாகத்தை அடக்கிக்கொண்டு இருந்தார். ஒரு கயிறாவது கட்டி, நாலு சூரிய விளக்காவது வையுங்கள். பெண்கள் குளித்துவிட்டு உடுப்பு மாற்ற நாலு பக்கமும் மறைத்த ஓர் இடம் ஆற்றுக்குப் பக்கத்திலேயே வேண்டும். ஈரச் சட்டையோடு ஆண்கள் கூட்டத்தைக் கடந்து நாற்பது படி ஏற எந்தப் பெண்ணுக்கும் விருப்பமில்லை. அதனால்தான் பாதிப் பெண்கள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறார்கள்.

இரவுச் சத்தம். இளைஞர் குழு ஒன்று பெரிய ஸ்பீக்கர் வைத்து இரண்டு மணி வரை பாட்டுப் போட்டது. குடியும் இருந்தது. அவர்களும் காசு கொடுத்து வந்தவர்கள்தான், அவர்களுக்கும் ஓய்வு வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் குடும்பக் கூடாரங்களுக்கு அவர்களைப் பத்தடி தூரத்தில் போடாதீர்கள். இதில் பாதுகாப்பும் இருக்கிறது. அந்தச் சத்தத்தில் ஆறு ஏறினால் அம்மாவின் காதுக்கும் கேட்காது.

சாப்பாடு பற்றி அதிகம் இல்லை. வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடும் வீடுகள் உண்டு, ஹலால் பார்க்கும் வீடுகள் உண்டு. முன்பதிவில் ஒரு வார்த்தை கேட்டால் போதும். தெமட்டகொடை உம்மா தன் சட்டியிலேயே சமைத்து, எங்களுக்கும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் தந்தார். உங்கள் கொட்டிலில் ஓர் அடுப்பைக் குடும்பங்களுக்கு விட்டுக்கொடுத்தால் இப்படிப்பட்ட பழக்கங்கள் தானாக வரும்.

குப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது எங்கள் பக்கத்துப் பிழையும்தான். கரையில் சோற்றுத் தாள், பிஸ்கட் உறை, பால்மா பைக்கற். இந்த ஆறுதான் அம்பத்தலைக்கு வந்து, சுத்திகரிக்கப்பட்டு, கொழும்பின் பெரும்பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் ஆகிறது. சனிக்கிழமை கித்துல்கலையில் நாம் எறிவதற்குக் கீழேதான் நம் வீட்டுக் குழாய் இருக்கிறது. இதை என் மகனுக்குச் சொன்னதும் அவன் தானாகவே ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பொறுக்கப் போனான். ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஒரு சாக்குப் பை கொடுத்து, போகும்போது நிரப்பித் தரச் சொல்லுங்கள். செய்வோம்.

பலகைக்கு வேண்டிய தமிழை நானே கீழே எழுதிவிடுகிறேன். தமிழ் எழுத ஆள் இல்லை என்ற தடை யாருக்கும் இருக்க வேண்டாம். அப்படியே எடுத்துப் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், என்னிடம் கேட்க வேண்டியதில்லை:

"இந்த ஆற்றின் மேற்பகுதியில் அணைகளும் மின் நிலையங்களும் உள்ளன. இங்கே மழை இல்லாவிட்டாலும் சில நிமிடங்களில் தண்ணீர் ஏறலாம். தண்ணீர் கலங்கினால், இலையும் நுரையும் மிதந்து வந்தால், சத்தம் கூடினால், உடனே கரைக்கு மேலே வாருங்கள். பொருட்களை எடுக்க நிற்காதீர்கள். மூன்று விசில் கேட்டால் எல்லோரும் மேலே வர வேண்டும். பெரியவர் துணையில்லாமல் பிள்ளைகளைத் தண்ணீரில் விடாதீர்கள். இருட்டிய பிறகு ஆற்றில் இறங்க வேண்டாம். அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117."

உங்கள் தம்பிமாருக்கு இரண்டே இரண்டு தமிழ் வார்த்தை போதும்: 'மேலே வா'. பின்னேரம் தேநீர் குடிக்கும்போது சொல்லிக் கொடுத்துவிடலாம். எங்களைக் கூப்பிட்ட அந்தத் தம்பிக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். ஞாயிறு நாங்கள் வேனில் ஏறும்போது மருமகளைப் பார்த்து, "மேலே வா, மேலே வா" என்று கையசைத்தார். அவளும் சிரித்துக்கொண்டே "என்ன, என்ன" என்று கையசைத்தாள்.

அம்மா மறுபடியும் வரக் கேட்கிறார். ஓகஸ்ட் வேண்டாமாம், மழைத் தண்ணீர். தைப் பொங்கலை ஒட்டி வந்தால் ஆறு இறங்கியிருக்கும், கரையிலேயே பொங்கலாம் என்கிறார். முன்பதிவுக்கு உங்களில் யாரையாவது நான் கூப்பிடும்போது, மூன்று கல் வைத்து அடுப்பு மூட்ட இடம் தருவீர்களா என்று கேட்பேன். அதற்கு முன்னால், விசில் யார் கையில் இருக்கும் என்று கேட்பேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையில் இருந்து,
மூன்று பிள்ளைகளோடும் அம்மாவோடும் உங்கள் கரைக்கு வந்த ஒரு தாய்